பறவைத் தூதுவர் வலை கட்டிய நாள்

நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆறு மணிக்குப் பால் வந்தது. ஏழரைக்கு நான்கு இட்லி, வெங்காயச் சட்னி. எட்டு நாற்பதுக்கு அலுவலகத்தைத் திறந்தேன். திருவாரூரில் ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஒரு வீட்டின் மாடியை எங்கள் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்தது. சாரலில் நனைந்திருந்த இரண்டு கோப்புகளை மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இவையெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அன்று பிற்பகலுக்கு மட்டும் "களப்பணி" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுதாமல் விட்ட பிற்பகல் அது ஒன்றுதான். மூன்று மழைக்காலம் கழிந்த பிறகு அதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது வயல்வெளிப் பறவைகளைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட சிறிய அறக்கட்டளை. ஐரோப்பாவிலிருந்து ஒரு நிதி நிறுவனம் பணம் தந்தது. இயக்குநர் ஒருவர், நிர்வாக அலுவலர் என்ற பெயரில் நான், களத்தில் ஒரே ஒரு ஆள். விண்ணப்பம், அறிக்கை, புகைப்படம் எல்லாம் என் பொறுப்பு. களத்தில் இருந்தவருக்கு நிதி நிறுவனத்தின் படிவத்தில் ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதை நான்தான் "பறவைத் தூதுவர்" என்று தமிழாக்கினேன். அந்தப் பெயரை அவருடைய சட்டையின் முதுகில் அச்சடித்தோம். மார்பில் பச்சை வட்டத்துக்குள் ஒரு கொக்கு, எங்கள் சின்னம்.

தூதுவர் ஆவதற்கு முன்னால் அவர் கொக்கு பிடிப்பவர். அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். ஒல்லியான உடம்பு, நீண்ட விரல்கள். கோடையில் கிடைத்த கூலி வேலை. சம்பா நட்டு வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வலை. மடையான், உண்ணிக்கொக்கு என்று வயலில் இறங்கும் கொக்கு வகைகளைப் பிடித்து, கால்களைக் கட்டி, நாகப்பட்டினம் சாலையோரம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். கார்கள் நிறுத்தி வாங்கிப் போகும். அங்கேதான் இயக்குநர் அவரைப் பார்த்தார். வனத்துறையிடம் சொல்லாமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "திருந்துன ஆள் ஒருத்தர் இருந்தாப் போதும், ப்ராஜெக்ட் தானா நிக்கும்" என்று அன்று மாலை என்னிடம் சொன்னார்.

அவர் பிடித்த முறையைச் சொல்ல வேண்டும். வயலில் வலையை விரித்து, நடுவே பழக்கிய கொக்கு ஒன்றைக் குச்சியில் கட்டி நிறுத்துவார்கள். அது மிரளாமல் இருக்க அதன் கண் இமைகளை ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். தென்னங்கீற்று மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் அது சிறகடிக்கும். மேலே பறந்து போகும் கூட்டம், கீழே ஒன்று இரை பொறுக்குகிறது என்று நினைத்து இறங்கும். வேலையில் சேர்ந்த அன்று தன்னிடமிருந்த மூன்று பறவைகளின் கண் நூலை அவரே கத்தரித்து விட்டார். இரண்டு பறந்தன. ஒன்று வரப்பிலேயே உட்கார்ந்திருந்து மறுநாள் செத்தது. அதைப் பார்த்து அழுத தன் மகளின் தலையில் கை வைத்து, இனி எந்த உயிரின் கண்ணையும் தைப்பதில்லை என்று சத்தியம் செய்தார். நான் அதைப் படம் பிடித்தேன். இயக்குநர் கேட்டுக்கொண்டதால் சத்தியத்தை இரண்டாம் முறையும் செய்தார். முதல் முறை வெளிச்சம் போதவில்லை.

நிதி நிறுவனத்தின் திட்ட அலுவலர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வெளிநாட்டுப் பெண்மணி, நல்லவர், வெயிலில் முகம் சிவந்துவிடும். அவர் முன்னால் தூதுவர் தன் பழைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், இயக்குநர் மொழிபெயர்ப்பார். முதல் முறை கண் தைக்கும் இடம் வந்தபோது அந்த அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். அன்றிலிருந்து ஒத்திகை தொடங்கியது.

"கண்ணு தைக்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்துய்யா" என்பார் இயக்குநர்.

"எவ்வளவு நேரம் சார்?"

"அஞ்சு எண்ணு."

அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள்: மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள், வேறு நாட்டு விருந்தினர்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர் நிறுத்துவார், கேட்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். நான் எப்போதும் அவருக்குப் பின்னால் நிற்பேன். முதுகுக்குப் பின்னே கோத்திருந்த கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதைப் பார்ப்பேன். ஐந்தாவது விரல் மடங்கியதும் குரல் உடைந்து அடுத்த வாக்கியம் வரும். ஒருமுறை விருந்தினர் போன பிறகு, "நீங்க நல்லாப் பண்றீங்க" என்றேன். "மொத மூணு தடவ நெசமாவே தொண்ட அடச்சுது சார். அதுக்கப்புறம் எண்ண வேண்டியதாப் போச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் நடிகர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தன் ஊரில் வலை கட்டிய எல்லோரையும் வீடு வீடாகப் போய் நிறுத்தியவர் அவர். எந்த வாய்க்காலில் எந்த மாதத்தில் கூட்டம் இறங்கும் என்பது தெரிந்ததால், விடியற்காலையில் போய் மற்றவர்களின் வலைகளை அறுத்துப் போடுவார். டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்கள்.

"வாங்க தூதரே, எந்த நாட்டுக்குத் தூது போறீங்க? கொக்கு நாட்டுக்கா?"

"ஒங்க நாட்டுக்கு விசா கெடைக்கலண்ணே. அதான் அங்க போறேன்."

பக்கத்து ஊரில் சாலையோரம் பறவைக் கறி விற்கும் ஒருவர், தன் வலை அறுபட்ட கோபத்தில் அவரை அடித்து முன்பல்லை உடைத்தார். உடைந்த பல்லோடு சிரிக்கும் அவருடைய படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டோம். மருத்துவச் செலவை அந்த ஆண்டின் திட்டத்தில் சேர்க்க இடமில்லை என்று நான்தான் சொன்னேன். அது உண்மையும்கூட.

நிதி முடியும் ஆண்டு வந்தது. மாதந்தோறும் நான் தயாரித்த கண்காணிப்புப் பட்டியல்களில் வலைகள் குறைந்துகொண்டே வந்தன. வரைபடத்தில் கோடு அழகாகக் கீழே இறங்கியது. அதை அனுப்பினோம். திட்ட அலுவலரிடமிருந்து பதில் வந்தது. வாழ்த்துகள் என்று தொடங்கிய கடிதம். உங்கள் பகுதியில் பறவைகளுக்கு இருந்த அச்சுறுத்தல் குறைந்துவிட்டது மகிழ்ச்சி தருகிறது. அடுத்த சுற்றில் அச்சுறுத்தல் அதிகமுள்ள நாடுகளுக்கும் பகுதிகளுக்குமே முன்னுரிமை. உங்கள் பகுதியில் இன்னும் அச்சுறுத்தல் உண்டு என்றால் அண்மைக்கால ஆதாரத்துடன் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் நவம்பர் பதினைந்து.

இயக்குநர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒழுங்கா வேலை செஞ்சதுக்குத் தண்டனையா?" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆதாரத்தை நாமே உண்டாக்கலாம் என்று அதன் பிறகு அவர் செய்த யோசனையில் இல்லை.

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தூதுவரை அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். ஒரே ஒரு வலை, ஒரே ஒரு பழக்கிய கொக்கு, பத்துப் பதினைந்து நிமிடம், நான்கு படங்கள். அவ்வளவுதான் என்றார் இயக்குநர். தூதுவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வல கட்டித் தர்றேன் சார். கண்ணு மட்டும் தைக்க மாட்டேன். புள்ள தலையில கை வச்சுச் சொல்லியிருக்கேன்."

"கண்ணு தைச்சதுதான்யா போட்டோவுல வேணும். வெறும் வலைய யாரு வேணா கட்டுவான்."

"வேற எதாவது கேளுங்க சார்."

அப்போது நான் பேசினேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. "நிதி வரலன்னா மொதல்ல நிக்கறது உங்க சம்பளம்தாங்க. படம் எடுத்ததும் நூலக் கத்தரிச்சுடலாம். அரை மணி நேரத்துல அதுக்கு எதுவும் ஆகாது" என்றேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இயக்குநரிடம் காட்டாத ஒரு நம்பிக்கை அவருக்கு என்னிடம் இருந்தது. சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருப்பவன் என்பதால்.

"நீங்க வந்துருவீங்கள்ல சார்?"

"வியாழக்கிழமை சரியா மூணு மணிக்கு."

"அப்ப சட்டையப் போட்டுக்கிட்டே கட்டறேன். சட்ட இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." படத்தில் சட்டை தெரியக் கூடாது, நான் வந்ததும் கழற்றிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். அந்தச் சட்டை இரண்டு வருடமாக எத்தனையோ வயல்களுக்குள் அவரைக் கேள்வியில்லாமல் அனுமதித்திருந்தது. அது காப்பாற்றும் என்று அவர் நம்பியதை நான் திருத்தவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். விண்ணப்பத்தின் இணைப்பில் பறவைகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. தமிழ்ப் பெயருக்கு எதிரே அறிவியல் பெயர் ஒரே நேர்கோட்டில் வராமல் ஒவ்வொரு பக்கத்திலும் சற்று விலகி நின்றது. அதைச் சரிசெய்யாமல் எழ மனம் வரவில்லை. சரிசெய்து முடித்தபோது மணி இரண்டு ஐம்பது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போக முடியவில்லை.

மூன்று நாற்பதுக்கு அந்த வயலுக்கு முந்தைய மதகை அடைந்தேன். வரப்புக்கு அப்பால் பச்சை ஜீப் நின்றது. வனக்காவலர்கள் இருவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொன்னவர், பல்லை உடைத்த அதே கறிக்காரர். "தூதரு வல கட்டறாரு, வந்து பாருங்க" என்று சொன்னாராம்; பிறகு கேள்விப்பட்டேன். அவரும் சாலையோரம் நின்று கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "எல்லாரு வலையயும் அறுத்தீங்களே தூதரே, ஒங்க வலைய யாரு அறுக்கறது?" என்று கத்தினார். சிறிய கூட்டம் சேர்ந்திருந்தது.

தூதுவர் முழங்கால்வரை சேறோடு நின்றார். நான் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். நான்கு கொக்குகள் மாட்டியிருந்தன. ஒரு காவலர் அவற்றை அவர் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார். கண் தைத்த பறவை இன்னும் குச்சியில் கட்டியபடி இருந்தது. கயிற்றில் யாரோ கால் பட்டு இழுக்கும்போதெல்லாம் சிறகடித்தது. கூட்டத்துக்கு மேலே தலையை உயர்த்தி அவர் சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார். நடுவே நூறு அடி இருக்கும். அவர் வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவர் கூப்பிடவில்லை. நான் வந்து பேசுவேன் என்று எதிர்பார்த்து நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மதகின் சுவருக்குப் பின்னால் நின்று, கேமராவில் காட்சியைக் கிட்டே இழுத்து, படம் எடுத்தேன். ஆறு படங்கள். பிறகு வண்டியைத் திருப்பினேன்.

ஐந்து இருபதுக்கு வனத்துறையிலிருந்து வனவர் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்தார். இயக்குநர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், எடுத்தது நான்.

"சார், ஒங்க சட்ட போட்ட ஆளு ஒருத்தரப் புடிச்சிருக்கோம். ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வல கட்டுனேங்கறாரு. அப்படியாங்க?"

இயக்குநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எந்தச் சைகையும் செய்யவில்லை. "இங்க வேலை பார்த்தவர்தாங்க. போன மாசமே நிறுத்தியாச்சு" என்றேன்.

"அப்ப சட்ட?"

"திருப்பித் தரலைங்க."

தொலைபேசியை வைத்ததும் இயக்குநர், "நல்ல வேளை, நீங்க எடுத்தீங்க" என்றார்.

ஆறே காலுக்குத் தூதுவரின் மனைவி மகளோடு படியேறி வந்தார். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும், பள்ளிச் சீருடையை மாற்றவில்லை. இயக்குநர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சார், நீங்கதான வரச் சொன்னீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க சார், விட்ருவாங்க" என்றார் அந்த அம்மாள்.

நான் என்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "ஏம்மா அவர் இப்படிப் பண்ணுனாரு?" என்று கேட்டேன். வியப்படைந்தவன் போல.

அந்த அம்மாளுக்கு என்னைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "புள்ள பள்ளிக்கூடம் போகட்டும்னு காத்திருந்து காலையில கண்ணத் தைச்சாரு சார்" என்றார். இதைக் கேட்டு மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

பிறகு அந்த அம்மாளுக்கு ஒன்று தோன்றியது, முகம் தெளிந்தது. "நீங்க டைரி எழுதுவீங்களாமே சார். ஒன்னு விடாம எழுதிருவாருன்னு அவரு பெருமையாச் சொல்லுவாரு. இதயும் எழுதியிருப்பீங்கள்ல? அத மட்டும் அவங்ககிட்ட காட்டுங்க சார், போதும்."

எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், "தூதுவரிடம் பேசினோம். சம்மதித்தார். வியாழன் மூன்று மணி, வலை, படம்" என்று இருந்தது. நாட்குறிப்பு என் காலடியில் பைக்குள் இருந்தது. "அலுவலக விஷயம் எதுவும் நான் அதுல எழுதறதில்லம்மா" என்றேன். அவர்கள் போன பிறகு படியில் ஈரக் காலடிகள் இருந்தன. பெருக்குபவர் மறுநாள்தான் வருவார் என்பதால் நானே துடைத்தேன்.

தூதுவரைக் கிளைச் சிறையில் வைத்தார்கள். ஜாமீன் கிடைக்கத் தை மாதம் ஆனது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் அவருக்குக் கூலி போகிறது. எங்களுக்கு அடுத்த சுற்று நிதி கிடைத்தது, முன்னைவிடப் பெரியது. அலுவலகம் இப்போது தரைத்தளத்திலும் உண்டு. இரண்டு தூதுவர்கள் இருக்கிறார்கள், இருவரும் பட்டதாரிகள். பார்வையிட வந்த திட்ட அலுவலர், பல்லுடைந்த அந்த மனிதர் எங்கே என்று கேட்டார். பழைய தொழிலுக்கே போய்விட்டார் என்று இயக்குநர் சொன்னார். அந்த அம்மையார் கைக்குட்டையை எடுத்தார்.

போன மாதம் அவரைத் திருவாரூர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நடவுக்குப் போகும் ஆட்களோடு நின்றிருந்தார். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள், "என்ன சார், மூணு மணிக்கு வர்றேன்னீங்க" என்றார். உடைந்த பல் தெரியச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் ஏதோ வேடிக்கை என்று சிரித்தார்கள். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அது எங்கிட்டப் பேசறதில்ல சார்" என்றார், அதே சிரிப்போடு. பேருந்து வந்துவிட்டது என்றேன். வரவில்லை. "போங்க சார். நேரத்துக்குப் போங்க" என்று வழிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை இரவு வழக்கம்போல் ஒன்பதரைக்குப் படுத்தேன். தூங்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, விண்ணப்பத்தின் கடைசி நாள். எட்டு நாற்பதுக்கு அலுவலகத்தைத் திறந்து, கணினியை இயக்கி, ஆறு படங்களில் தெளிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வலை, காவலர்கள், குச்சியில் கண் தைத்த பறவை, கையில் நான்கு கொக்குகளோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள். "அண்மைக்கால ஆதாரம்" என்ற கட்டத்துக்கு அதைவிட நல்ல படம் கிடைத்திருக்காது. பிடிபட்டவர்களின் முகத்தை மறைத்துத்தான் படம் அனுப்ப வேண்டும் என்பது நிதி நிறுவனத்தின் விதி. சட்டையில் உள்ள சின்னத்தை மறைக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. நான் அதைத்தான் முதலில் மறைத்தேன்.